முப்பத்தோராம் கட்டத்தில் நின்ற எண்

சதுரங்கப் பலகையில் நெல்மணி வைக்கச் சொல்லி அரசனிடம் பரிசு கேட்ட அறிஞரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். முதற் கட்டத்தில் 1 மணி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8 என்று இரட்டித்துக்கொண்டே போக, அரண்மனைக் களஞ்சியம் காலியாகிவிடுகிறது. கதை சொல்லுகிறவர்கள் வழக்கமாக 64ஆம் கட்டம்வரை ஓடிப்போய் அங்கே வரும் மாபெரும் தொகையைக் காட்டி நம்மை வியக்க வைப்பார்கள். இன்று நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாதிப் பலகைக்கு ஒரு கட்டம் குறைவாக, 31ஆம் கட்டத்திலேயே நின்றுவிடுவோம். அதுவரை வைத்த மணிகளை எல்லாம் ஒன்றாகக் குவித்தால் கிடைக்கும் எண்ணிக்கை 2147483647. அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. நம் பள்ளிக்கூட வழக்கில் சொன்னால் 2 பில்லியன் 147 மில்லியன் 483 ஆயிரத்து 647. பென்சிலும் காகிதமும் பக்கத்தில் இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தே இலக்கந்தான்.

ஒவ்வொரு கட்டமாகக் கூட்ட வேண்டியதில்லை. 1உம் 2உம் 3. அது 4க்கு ஒன்று குறைவு. 1, 2, 4 கூடினால் 7. அது 8க்கு ஒன்று குறைவு. ஆகவே 31 கட்டங்களின் கூட்டுத்தொகை, முப்பத்தொரு 2களை ஒன்றோடொன்று பெருக்கி அதிலிருந்து 1 கழித்தால் வருவது. கணிதத்தார் இதை 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பார்கள்.

இந்தக் குவியலை எவராலும் சமமாகப் பங்கு போட முடியாது. இரண்டு பேருக்கும் முடியாது, ஏழு பேருக்கும் முடியாது, ஆயிரம் பேருக்கும் முடியாது. ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம். அல்லது ஆளுக்கு ஒரு மணி வீதம் 2147483647 பேருக்குக் கொடுக்கலாம். இடையில் வேறு வழியே இல்லை. ஆனால் இன்னும் ஒரே ஒரு கட்டம் தள்ளி, 32ஆம் கட்டம்வரை குவித்துப் பாருங்கள். 4294967295 மணிகள். இதை 3 பேருக்குப் பகிரலாம், 5 பேருக்குப் பகிரலாம், 17, 257, 65537 பேருக்கும் மீதமின்றிப் பகிரலாம். ஒரு கட்டத்தில் இறுகி நின்ற எண் அடுத்த கட்டத்தில் தூள் தூளாக உடைந்துவிடுகிறது!

பங்கு போட முடியாத இத்தகைய எண்களைப் பகா எண்கள் என்கிறோம். நான் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் இதைக் கற்பிக்க ரப்பர் விதைகளே போதும். மாணவர் கையில் 12 விதைகளைக் கொடுத்து, ஒரே அளவுள்ள நிரைகளாக அடுக்கச் சொன்னால், மூன்று நிரை, நான்கு நிரை, ஆறு நிரை என்று போட்டிபோட்டு அடுக்குவார்கள். 13 விதைகளைக் கொடுத்தால் எப்படி அடுக்கினாலும் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். நீளமாக ஒரே நிரையாகத்தான் வைக்க முடியும். நிரை என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. பெற்றோர் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பிறகு பால்மரம் சீவப் போவது நிரைக்குத்தானே!

13க்கு விதைகளை அடுக்கிப் பார்க்கலாம். 2147483647க்கு என்ன செய்வது?

நேர்வழி ஒன்று உண்டு. 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது. எதுவரை வகுப்பது என்றால், 46340 வரை போதும். ஏனெனில் 46341ஐ அதே எண்ணால் பெருக்கினால் 2147488281 வருகிறது. அது நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. இரண்டு காரணிகள் இருக்குமானால் அவற்றுள் சிறியது 46340க்கு மேல் இருக்க முடியாது. அதுவரை உள்ள பகா எண்கள் 4792. பத்து இலக்க எண்ணை 4792 முறை நெடுவகுத்தல் செய்வதென்றால், நாளைக்கு முப்பது கணக்குப் போடுகிறவருக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் 46340 வரையிலான பகா எண்களின் பட்டியல் ஒன்றும் வேண்டும்.

இத்தாலியின் பொலோன்யா நகரத்துக் கட்டால்டி என்பவர் 1588ஆம் ஆண்டில் இந்த நேர்வழியாலேயே 2இன் 17ஆம் அடுக்கிலும் 19ஆம் அடுக்கிலும் ஒன்று குறைத்து வரும் எண்கள் பகா எண்கள் என்று காட்டினார். அவை 131071, 524287. உழைப்பாளி மனிதர். அத்தோடு நிறுத்தாமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அப்படியே பகா எண் வரும் என்று எழுதிவிட்டார். இந்த நான்கில் 31 மட்டுமே சரி. 23ஆம் அடுக்குக்குரிய 8388607ஐ 47 வகுத்துவிடுகிறது. 1644இல் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இடம்பெற்றது. இவ்வகைப் பகா எண்களுக்கு மெர்சென் எண்கள் என்ற பெயர் அவரால் வந்ததுதான். ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, மெய்ப்பிப்பது வேறு. 2147483647 பகா எண்தானா என்பது இன்னும் நூறாண்டுக்கு மேல் கேள்வியாகவே நின்றது.

பதில் சொன்னவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த லெயோனார்டு ஆய்லர். ஆண்டு 1772. அப்போது அவருக்கு வயது 65. பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. பெர்னூலி குடும்பத்துக் கணித அறிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த எண் பகா எண்தான் என்று தெரிவித்தார். அவர் 4792 வகுத்தல்களைச் செய்யவில்லை. பெரும்பாலான பகா எண்கள் இந்த எண்ணை வகுக்கவே முடியாது என்று, வகுத்துப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டார். அது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சின் மையம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். காகிதம் இப்போது உதவும்.

சிறிய எண் ஒன்றில் தொடங்குவோம். 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. இது பகா எண் அன்று. 23ஐ 89ஆல் பெருக்கினால் 2047 வரும். இப்போது 23ஐ எடுத்துக்கொண்டு ஒரு விளையாட்டு. 1இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். 23ஐத் தாண்டினால் 23ஐக் கழித்துவிட வேண்டும். 1, 2, 4, 8, 16. அடுத்தது 32, 23 போக 9. பிறகு 18. அடுத்தது 36, 23 போக 13. அடுத்தது 26, 23 போக 3. பிறகு 6, 12. அடுத்தது 24, 23 போக 1. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். எத்தனை முறை இரட்டித்தோம்? சரியாக 11 முறை. 2இன் 11ஆம் அடுக்கை 23ஆல் வகுத்தால் மீதி 1 என்பதன் பொருள் இதுவே.

இந்த வட்டத்தில் 11 எண்கள் இருக்கின்றன. 1 முதல் 22 வரையுள்ள எண்களில் வட்டத்துக்குள் வராமல் வெளியே நிற்பவை மற்றொரு 11. அவற்றில் 5ஐ எடுத்து அதே விளையாட்டை ஆடுங்கள். 5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14, மறுபடி 5. இதுவும் 11 எண்கள் கொண்ட வட்டந்தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் வட்டத்தின் அளவு மாறுவதில்லை. ஏனென்றால் முதல் வட்டத்து எண்களை 5ஆல் பெருக்கி 23களைக் கழித்தவைதாம் இரண்டாம் வட்டத்து எண்கள். ஆக 22 எண்களும் பதினொன்று பதினொன்றாகப் பிரிந்து நிற்கின்றன. அப்படிப் பிரிய வேண்டுமானால் 22 என்பது 11இன் மடங்காக இருந்தே தீர வேண்டும் அல்லவா?

இப்போது நம் பெரிய எண்ணுக்கு வருவோம். ஏதோ ஒரு பகா எண் 2147483647ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணை வைத்து இரட்டிக்கும் விளையாட்டை ஆடினால் 31 முறையில் 1க்குத் திரும்ப வேண்டும். 31 தானே ஒரு பகா எண் ஆகையால், அந்த வட்டம் 31ஐவிடச் சிறியதாக முடியவும் முடியாது. எனவே அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் 31இன் மடங்கு. அது ஒற்றைப்படை எண் ஆகையால் ஒன்று குறைத்தால் இரட்டைப்படையும் ஆகும். இரண்டும் சேர்ந்தால் 62இன் மடங்கு. அதாவது வகுக்கக்கூடிய பகா எண் 62இன் ஏதோ ஒரு மடங்கோடு ஒன்று கூட்டியதாக மட்டுமே இருக்க முடியும். 3, 5, 7, 11, 13 எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன.

இன்னொரு சல்லடையும் உண்டு. அப்படிப்பட்ட பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க வேண்டும். இதன் விளக்கம் நீளமானது. வானொலியில் எழுதிக் காட்ட முடியாது. 23ஐயும் 89ஐயும் 47ஐயும் 8ஆல் வகுத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டு சல்லடைகளையும் சேர்த்தால், 248இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. 46340க்குள் இப்படிப் பார்க்க வேண்டியவை 372. அவற்றிலும் பகா எண்ணாக இல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். முதலில் மிஞ்சுவது 311. அதற்கு அடுத்தது எது தெரியுமா? 1303! இடையில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட பகா எண்களுள் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. 311ஆல் வகுத்தால் மீதி 35. 1303ஆல் வகுத்தால் மீதி 226. இப்படியே கடைசிவரை மீதி நின்றது. ஐந்து மாத வேலை சில நாள் வேலையாகிவிட்டது.

நெடுவகுத்தலில் சலித்துப்போகும் மாணவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. வேகமாக வகுப்பவரைவிட, எதை வகுக்க வேண்டாம் என்று அறிந்தவர் முன்னே போகிறார்.

ஆய்லர் காட்டிய அந்த எண் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, மனிதர் அறிந்த பகா எண்களில் மிகப் பெரியதாக விளங்கிற்று. அதைக் கொண்டு ஒரு நிறைவெண்ணும் கிடைத்தது. தன் காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண். 6இன் காரணிகள் 1, 2, 3, கூட்டினால் 6. அடுத்தவை 28, 496, 8128. ஆய்லரின் பகா எண்ணை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் வருகிறது. 1811ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, எண்களைப் பற்றிய தம் நூலில் இதைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றார். இவை வேடிக்கையானவையே தவிரப் பயனுள்ளவை அல்ல, ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

பார்லோவைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அவர் வெளியிட்ட கணித அட்டவணைகள் பல தலைமுறைகளுக்கு உதவியவை. கணக்கிடும் உழைப்பு எத்தகையது என்பதை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. ஆனால் பயன் இருந்தால்தான் மனிதர் மெனக்கெடுவார்கள் என்று எண்ணினாரே, அது பொருந்தவில்லை. 1876இல் பிரான்சு நாட்டு எடுவார்டு லூகாஸ், 2இன் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் 39 இலக்க எண் பகா எண் என்று காட்டினார். கையால் கணக்கிட்டுக் கண்ட பகா எண்களில் இன்றுவரை இதுவே பெரியது. அவர் வகுத்தல் வழியையே விட்டுவிட்டு வேறு வழியில் சென்றார். பிறகு அமெரிக்கரான லெமர் அதைச் செம்மையாக்கித் தந்தார். அந்தச் சோதனை ஆறாம் ஆண்டு மாணவர்களும் செய்யத்தக்கது. 31ஐ, அதாவது 2இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை, எடுத்துக்கொள்வோம். 4இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள்: 16இல் 2 போக 14. மீண்டும்: 196இல் 2 போக 194, 31ஆல் வகுத்தால் மீதி 8. மீண்டும்: 64இல் 2 போக 62, 31ஆல் வகுத்தால் மீதி பூச்சியம். அடுக்கு 5 என்றால் மூன்று முறை செய்ய வேண்டும்; கடைசியில் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். நம் பத்து இலக்க எண்ணுக்கு இதே வேலையை 29 முறை செய்தால் போதும். 127ஐ வீட்டில் செய்து பாருங்கள். ஐந்து படிகள், வழியில் 67, 42, 111 ஆகிய மீதிகள் வந்தால் சரியாகப் போகிறீர்கள்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 2இன் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதில் 41024320 இலக்கங்கள். லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் வேறொரு விரைவுச் சோதனையால் முதலில் கண்டுபிடித்த அதனை உறுதிப்படுத்தியதும் 4இல் தொடங்கும் இந்தச் சோதனைதான்.

சரி, பயன் என்ன? தோட்டத்துப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது; நியாயமான கேள்வி. ஒரு வெள்ளி செலவழிக்கும்முன் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

2147483647 இன்று உலகத்துக் கணிப்பொறிகளுக்குள் எல்லாம் குடியிருக்கிறது. கணிப்பொறி 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் எண்ணும். ஓர் எண்ணுக்கு 32 இடங்களை ஒதுக்கி, அவற்றில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு விட்டால், மீதி 31 இடங்களிலும் 1 நிரம்பி நிற்கும் எண்தான் இது. இதற்குமேல் ஒன்று கூட்டினால் இடம் போதாமல், எண் எதிர்மறையாகப் புரண்டுவிடும். 2014 டிசம்பரில் யூடியூபில் கங்னம் ஸ்டைல் என்ற கொரியப் பாடலைப் பார்த்தவர் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டவே, எண்ணும் முறையை 64 இடங்களுக்கு மாற்றியதாக அந்நிறுவனம் அறிவித்தது. பழைய கணிப்பொறி முறைகள் சில, 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து கழிந்த வினாடிகளை 32 இடங்களில் எண்ணி வருகின்றன. அவற்றின் கடைசி வினாடி 2038 ஜனவரி 19ஆம் நாள், மலேசிய நேரம் முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 வினாடி. அதற்குள் அவற்றை மாற்றியாக வேண்டும்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்னவற்றில் இது பகா எண் என்பதற்கு எந்தப் பங்கும் இல்லை. உடையக்கூடிய எண்ணாக இருந்தாலும் அதே தொல்லைதான் வந்திருக்கும். பகா இயல்பே வேலை செய்யும் இடம் வேறு. மருந்துச் சோதனை, போக்குவரத்துத் திட்டம், விளையாட்டு என்று பலவற்றுக்குச் சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போன்ற எண்கள் தேவைப்படுகின்றன. கணிப்பொறிக்குக் குலுக்கத் தெரியாது. கணக்குப் போடத்தான் தெரியும். 1969இல் ஐபிஎம் நிறுவனத்தின் லூயிஸ், குட்மன், மில்லர் ஆகியோர் ஒரு வழியை வெளியிட்டார்கள். ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கு. 2147483647ஆல் வகுத்து மீதியை எடு. அந்த மீதியை மறுபடி பெருக்கு. 1இல் தொடங்கினால் 16807, அடுத்து 282475249, அடுத்து 1622650073 என்று எந்த ஒழுங்கும் தெரியாமல் எண்கள் தாவிப் போகின்றன.

இங்கேயும் அதே வட்ட விளையாட்டுத்தான். 7ஐ வைத்துப் பாருங்கள். இரட்டித்தால் 1, 2, 4, மறுபடி 1. வட்டம் மூன்றோடு முடிகிறது. 3ஆல் பெருக்கினால் 1, 3, 2, 6, 4, 5, பிறகு 1. ஆறு எண்களையும் ஒன்றுவிடாமல் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. இப்படி எல்லாவற்றையும் தொடும் முழு வட்டம் பகா எண்ணில் மட்டுமே கிடைக்கும். 16807 என்பது ஐந்து 7களின் பெருக்குத்தொகை. அது 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் ஒரு முறை தொட்டபின்பே தொடங்கிய இடத்துக்கு வரும். இப்போது இதைவிட நீண்ட வட்டம் கொண்ட முறைகள் வந்துவிட்டன. ஆயினும் பல்லாண்டு காலம் பல்லாயிரம் கணிப்பொறிகள் ஆய்லரின் எண்ணைச் சுற்றியே ஓடின.

பகா எண்ணை அடுக்காக வைத்தால் பகா எண்ணே கிடைத்துவிடும் என்று ஆசை வரும். 2இன் 3ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 7. 7ஆம் அடுக்கில் 127. 127ஆம் அடுக்கில் லூகாஸின் எண். அப்படியானால் 2இன் 2147483647ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால்? அந்த எண்ணை எழுத 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். இருந்தும் அது பகா எண் அன்று என்பது நமக்குத் தெரியும். அதை வகுக்கும் பதினைந்து இலக்கப் பகா எண் ஒன்று கையில் இருக்கிறது: 295257526626031. இரட்டிக்கும் வட்டம் இங்கேயும் பொருந்துகிறதா என்று பார்க்க விரும்புகிறவர்கள், இதிலிருந்து 1 கழித்து 2147483647ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 137490 வரும். அது இரட்டைப்படையாகவும் இருக்கும்.